நிக்காஹுக்கு முன் முடி நடலாமா?

தோஹாவிலிருந்து நாற்பது நாள் விடுமுறையில் வந்த என் அக்கா மகன், ஊர் வந்து சேர்ந்த மூன்றாம் நாள், இஷா தொழுகை முடிந்து கடைத்தெரு அடங்கிய நேரத்தில் என் மருந்துக்கடைக்கு வந்தான். வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு தொப்பியைக் கழற்றினான். "மாமா, இன்னும் இருபத்தாறு நாளில் நிக்காஹ். அதற்குள் முடி நட்டுவிடலாமா? மதுரையில் விசாரித்துவிட்டேன். காலையில் போனால் மாலையில் அனுப்பிவிடுவார்களாம்" என்றான். வயது இருபத்தேழு.

கைபேசி வெளிச்சத்தில் அவன் தலையைப் பார்த்தேன். நெற்றியின் இரண்டு மூலைகளும் நன்றாக உள்ளே ஏறியிருந்தன. உச்சியில் முடி இருந்தது. ஆனால் ஒன்று கறுத்துத் தடித்திருந்தால், அதை ஒட்டிய அடுத்தது பூனை மயிர்போல் மெலிந்து, வெளிறி, குட்டையாக நின்றது. பிடரிப் பக்கம் திருப்பினேன். அங்கே எல்லா முடியும் ஒரே தடிப்பு. சீப்பு சிக்குகிற அடர்த்தி. அவன் வாப்பாவுக்கும் இதே வயதில் இப்படித்தான் தொடங்கியது.

கீழக்கரையில் மருந்துக்கடை வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முடி கொட்டுகிறது என்று வருகிறவர்களில் விடுமுறையில் வந்த பிள்ளைகள் ஏராளம். எல்லோர் கையிலும் திரும்பிப் போகும் விமான டிக்கெட் இருக்கிறது. அந்தத் தேதிக்குள் முடிவெடுக்கப் பார்க்கிறார்கள். முடி அந்தத் தேதிக்குக் கட்டுப்படுவதில்லை. அது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, மூன்று மாதம் போல ஓய்ந்து கிடந்து, பிறகு உதிரும். அறுவை சிகிச்சையோ மருந்தோ, எதைச் செய்தாலும் மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஒரு வருடம் ஆனால்தான் பலன் எவ்வளவு என்று சொல்ல முடியும்.

ஆண்களின் பரம்பரை வழுக்கைக்குக் காரணம் டி.ஹெச்.டி. என்ற ஹார்மோன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை உடல் ஒரு நொதியைக் கொண்டு டி.ஹெச்.டி.யாக மாற்றுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் பிறவியிலேயே இதனால் எளிதில் பாதிக்கப்படுபவை. ஒவ்வொரு சுற்றிலும் அவை சுருங்குகின்றன, முடி மெலிகிறது, கடைசியில் பூனை மயிராகிறது. பிடரியிலும் காதுக்கு மேலும் உள்ள மயிர்க்கால்களை இந்த ஹார்மோன் அசைப்பதில்லை. எவ்வளவு முற்றிய வழுக்கையிலும் லாடம்போல் ஒரு வளையம் மிஞ்சுவது அதனால்தான்.

முடி மாற்று அறுவை சிகிச்சையின் அடிப்படையும் இதுவே. பிடரி முடியை எடுத்து நெற்றியில் நட்டாலும் அது பிடரியின் குணத்தோடுதான் வளரும். நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950களில் செய்து பார்த்து, 1959இல் இதை எழுதி வெளியிட்டார். அந்தக் காலத்தில் நான்கு மில்லிமீட்டர் துண்டுகளாக நட்டதால் பொம்மைத் தலைபோல் கொத்துக் கொத்தாகத் தெரிந்தது. இன்று ஒன்று முதல் நான்கு முடி கொண்ட சிறு வேர்க்கொத்தாக எடுக்கிறார்கள். அதைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். எடுப்பதில் இரண்டு முறைகள். பிடரித் தோலை ஒரு நாடாபோல் வெட்டியெடுத்துத் தைத்துவிடுவது எஃப்.யூ.டி. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளைக்கருவியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது எஃப்.யூ.இ. முதலாவதில் ஒரு காதிலிருந்து மறு காதுப் பக்கம்வரை கோடாகத் தழும்பு இருக்கும். இரண்டாவதில் புள்ளி புள்ளியாக இருக்கும். முடி வளர்ந்திருந்தால் இரண்டுமே தெரியாது. ஆனால் நம் பிள்ளைகள் உம்ரா செய்ய மக்காவுக்குப் போவார்கள், தலையை மழிப்பார்கள். அன்றைக்குக் கோடு பளிச்சென்று தெரியும். அதை யோசிக்காமல் எஃப்.யூ.டி. செய்துகொண்ட ஒருவர் என்னிடம் வந்து வருந்தியிருக்கிறார்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. கிளினிக்கில் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. பிடரியில் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. பெரும்பாலோருக்கு ஆயுளுக்கும் சேர்த்து ஐயாயிரம், ஆறாயிரம் கிராஃப்ட் என்ற அளவில்தான் எடுக்க முடியும். ஒரு தடவை நடுவதற்கே இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம்வரை போய்விடும். ஊருணித் தண்ணீரை மாசியிலேயே இறைத்துவிட்டால் வைகாசிக்குக் குடம் எங்கே நிரம்பும் என்று இந்த மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடரி அப்படிப்பட்ட ஊருணி.

மேலும், நடுதல் வழுக்கையை நிறுத்துவதில்லை. நட்ட முடி நிற்கும்; அதைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் முடி தன் போக்கில் உதிர்ந்துகொண்டே போகும். எங்கள் தெருவில் ஒரு தம்பி இருபத்து நான்கு வயதில் நெற்றியைத் தாழ்வாக, பள்ளிக்கூடப் பையன்போல் நட்டுக்கொண்டு வந்தான். மருந்து எதுவும் தொடரவில்லை. இன்று முப்பத்து மூன்று. முன்னால் நட்ட முடி ஒரு திட்டாக நிற்கிறது. அதற்குப் பின்னால் கடல் புகுந்த கரைபோல் வெறுந்தலை. மறுபடி நடப் பிடரியில் முடி போதாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் கடைக்கு வரும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கிறது. இருபத்தைந்து வயதுக்குள் நடவே கூடாது என்பது என் திடமான எண்ணம். அந்த வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று எந்த மருத்துவராலும் கணிக்க முடியாது.

இனி மருமகனின் நாட்காட்டிக்கு வருகிறேன். அவன் நினைத்தபடி அந்த வாரமே நட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஆறு முதல் எட்டு மணி நேரம் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். மூன்றாம் நான்காம் நாள் நெற்றி வீங்கி, சிலருக்குக் கண்ணிமைவரை இறங்கும். பத்து நாள்வரை நட்ட ஒவ்வொரு புள்ளியிலும் கருஞ்சிவப்புப் பொருக்கு. முதல் நாட்களில் குனியக் கூடாது, தலை எதிலும் படக் கூடாது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்ய முடியாது. நாற்காலியில் அமர்ந்து தொழ வேண்டும். பொருக்கு உதிர்ந்த பிறகு, இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டாம் மாதத்துக்குள், நட்ட முடியே கொட்டிவிடும். வேர் உள்ளே இருக்கும், பயமில்லை. ஆனால் பார்ப்பதற்கு இல்லை. சுற்றியுள்ள சொந்த முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் உதிரலாம். ஆக, நிக்காஹ் நாளில் மாப்பிள்ளை இப்போது இருப்பதைவிட முடி குறைந்து, சிவந்த தலையோடு அமர்ந்திருப்பான். புதிய முடி மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் ஒரு வருடத்தில். அதை அவன் தோஹாவில்தான் பார்ப்பான். இடையில் சீழ் பிடித்தாலோ ரத்தம் கசிந்தாலோ காட்டுவதற்கு நட்ட மருத்துவரும் அங்கே இருக்க மாட்டார்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீனவத் தம்பிகளும் கேட்பதுண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்பதால் அப்போது ஓய்வு கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஓய்வுதான். ஆனால் அதுவே வருமானம் இல்லாத காலம், கத்திரி வெயில் காலம். நட்ட தலைக்கு ஒரு மாதமாவது நேர் வெயிலும் கடல் குளியலும் ஆகாது. கடன் வாங்கி நடுவதற்கு அது நல்ல சமயம் இல்லை.

மருந்துக்கு வருவோம். இரண்டுதான் நன்றாகச் சோதிக்கப்பட்டவை. மினாக்சிடில் முதலில் ரத்தக் கொதிப்புக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு மேலெல்லாம் முடி வளர்வதைப் பார்த்து, தலையில் தடவும் திரவமாக்கி, 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றார்கள். ஆண்களுக்கு வழக்கமாக 5 சதவீதம், ஒரு மில்லி வீதம் காலையும் இரவும். 60 மில்லி பாட்டில் சரியாக ஒரு மாதம் வரும். தலைத்தோலில் படும்படி தடவ வேண்டும். முடியில் தடவிப் பயனில்லை. முதல் இரண்டு மாதத்துக்குள் முன்னைவிட அதிகமாக முடி கொட்டலாம். ஓய்ந்து கிடக்கும் பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிய சுற்று தொடங்குவதால் வருவது அது. பலர் அந்த இடத்தில்தான் பயந்து பாட்டிலைத் தூக்கிப்போடுகிறார்கள். பொறுத்தால் நான்கு முதல் ஆறு மாதத்தில் உச்சியில் முடி கொஞ்சம் நிறையும். நெற்றி மூலைகளில் பலன் குறைவு. நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் வளர்ந்ததெல்லாம் போய்விடும். எனவே தடவத் தொடங்குவது என்றால் ஆண்டுக்கணக்கில் தொடர்வது என்றே பொருள்.

வீட்டில் பூனை இருந்தால் மினாக்சிடிலில் மிகுந்த கவனம் வேண்டும். துளியளவு நக்கினாலும் பூனை செத்துப்போகலாம். எங்கள் ஊரில் பூனை வராத வீடு ஏது? பாட்டிலை மூடி அலமாரியில் வையுங்கள். தடவிய தலையோடு பூனை படுக்கும் தலையணையில் படுக்காதீர்கள்.

இரண்டாவது ஃபினாஸ்டரைடு மாத்திரை. டெஸ்டோஸ்டிரோன் டி.ஹெச்.டி.யாக மாறுவதைத் தடுக்கிறது, ரத்தத்தில் டி.ஹெச்.டி.யை ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்கிறது. வழுக்கைக்கான 1 மில்லிகிராம் மாத்திரைக்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வழுக்கையைத் தடுத்து நிறுத்துவதில் மினாக்சிடிலைவிட இதையே நான் மேலாக நினைக்கிறேன். ஆனால் இதில் பேச வேண்டியவை உண்டு. சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், விறைப்பில் தளர்ச்சி வரும். சோதனைகளில் நூற்றில் ஓரிருவர் என்ற அளவே. பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தினால் சரியாகும், சிலருக்கு நீடித்ததாகவும் பதிவுகள் இருக்கின்றன. மனச்சோர்வும் உண்டு. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவாக வரக்கூடும் என்று 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதிசெய்தது. தனியாக அறையில் தங்கி, வீட்டு நினைவில் வாடும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஏற்கெனவே மனம் சோர்ந்திருப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணி தொடக் கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். இந்த மாத்திரை எடுப்பவர் ரத்ததானம் செய்வதென்றால், நிறுத்தி ஒரு மாதம் கழித்தே செய்ய வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் நான் இதைக் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பரவாயில்லை.

பி.ஆர்.பி. என்று நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுகிறார்கள். மாதம் ஒன்றாக மூன்று நான்கு தடவை, பிறகு அவ்வப்போது. சிலருக்கு உதவுகிறது, ஆனால் ஒவ்வொரு இடத்திலும் தயாரிக்கும் முறை வேறு, பலனும் வேறு. மருந்தோடு சேர்த்துச் செய்யலாம். மருந்துக்குப் பதிலாகச் செய்வது வீண் செலவு. தலையில் கவிழ்க்கும் லேசர் தொப்பியைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான்.

தலையில் ஒட்டிக்கொள்ளும் செயற்கை முடித் திட்டான ஹேர் பேட்ச் ஒன்றுதான் இருபத்தாறு நாளில் பலன் தரக்கூடியது. ஒரே நாளில் தலை நிறையும். ஆனால் ஒட்டுகிற பசை இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை பட்டு இளகும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி ஒட்ட வேண்டும். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளுவில் தலையை ஈரக்கையால் தடவி மஸ்ஹு செய்வதும், கடமையான குளிப்பில் தலைத்தோலில் தண்ணீர் படுவதும் தடைபடுமே என்ற கேள்வி எங்கள் சமுதாயத்தில் எழும். மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்காமல் ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்று மருமகனிடம் சொன்னேன். கிளிப்பில் மாட்டிக் கழற்றும் வகையில் இந்தச் சிக்கல் குறைவு. தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுவதும் ஒரு வழிதான். செலவில்லாத, பக்கவிளைவு இல்லாத வழி. நல்ல தலை வடிவம் உள்ளவர்களுக்கு அழகாகவே இருக்கிறது. மொட்டை அடித்தால் முடி அடர்ந்து வளரும் என்று நம்பி அடிக்காதீர்கள். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தோன்றுகிறது. வேர் பழைய வேர்தான்.

தண்ணீரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நம் கிணற்றுத் தண்ணீர் உப்பு, வளைகுடாவில் கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர், அதனால்தான் முடி போயிற்று என்று. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் உடைய வைக்கும். மயிர்க்காலைச் சுருங்க வைக்காது. இருபது இருபத்தைந்து வயதில்தான் பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள். பரம்பரை வழுக்கை வெளியே தெரிவதும் அதே வயதில்தான். பழி தண்ணீர்மேல் விழுகிறது. குளித்து முடித்துக் கடைசி இரண்டு செம்பு காவிரித் தண்ணீரில் அலசினால் முடி மென்மையாக இருக்கும். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊறிப் புரதம் கரைவதைக் குறைக்கும். இரண்டும் இருக்கும் முடிக்கு நல்லது. போன முடியைக் கொண்டுவராது.

இவ்வளவும் பரம்பரை வழுக்கைக்கு. எல்லா முடி உதிர்வும் அதுவல்ல. டெங்கு போன்ற கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி உணவுமுறை இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டும். பிள்ளை முகம் பார்க்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் இந்தக் கணக்குத்தான். பிரசவமாகி மூன்றாம் மாதம் அது. பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே அடங்கிவிடும். ரத்தசோகை, தைராய்டு, பெண்களுக்கு நீர்க்கட்டி இருந்தால் அதற்குத்தான் வைத்தியம். வட்டமாக வழவழப்பாகக் கொட்டினால் அது புழுவெட்டு. புழு எதுவும் இல்லை, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் வேரையே தாக்குகிறது. அதற்கு ஊசியும் மருந்தும் தனி. முடி நடக் கூடாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்தால் எந்த வகை என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவையும் மாரடைப்புப் பரிசோதனை முடிவையும் அது தவறாகக் காட்ட வைக்கும்.

செலவு? கிராஃப்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசுவார்கள். 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,500 கிராஃப்டுக்கு ஒரு லட்சம். மருத்துவச் சேவைக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கு முடி நடுவதற்குக் கிடையாது. சொன்ன தொகை வரியோடு சேர்த்தா என்று கேளுங்கள். மதுரைக்குப் போய்வரும் செலவும், கூட ஒருவர் வரும் செலவும் சேரும். நட்ட பிறகும் மருந்து தொடர வேண்டும் என்பதால், மருந்துச் செலவை மிச்சம் பிடிக்க நடுகிறேன் என்பது கணக்குக்கு உதவாது.

விலையைவிட முக்கியம், கத்தியைப் பிடிப்பது யார் என்பது. 2016இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார். மருத்துவம் படித்த பிள்ளைக்கே அந்தக் கதி. காணொளி பார்த்தும் பயிலரங்கில் உட்கார்ந்தும் கற்றது போதாது, முறையாகப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவரே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவுறுத்தியது. எனவே கூச்சப்படாமல் கேளுங்கள். தோண்டுவதும் கீறுவதும் மருத்துவரா, உதவியாளரா? மரத்துப்போகும் மருந்தின் அளவைக் கண்காணிப்பது யார்? மயக்கம் வந்தால் ஆக்சிஜனும் அவசர மருந்தும் அறையிலேயே இருக்கின்றனவா? ஒரு நாளில் ஒரு மருத்துவர் எத்தனை தலை பார்க்கிறார்? என் பிடரியில் இதற்குப் பிறகு எவ்வளவு மிஞ்சும்? கடைசிக் கேள்விக்கு எண்ணாகப் பதில் சொல்லாத இடத்தில் நடாதீர்கள். "இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மருமகன் அன்றிரவு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள் மாமா?" என்று மட்டும் கேட்டான். அக்காவிடம் சொல்லி, தொப்பி இல்லாத படம் ஒன்றைப் பெண்ணுக்கு அனுப்பச் செய்தேன். போன வருடம் அவன் அனுப்பிய படத்திலேயே பார்த்துவிட்டதாகவும், அதற்கென்ன என்றும் பதில் வந்தது. மறுவாரம் ராமநாதபுரத்தில் தோல் மருத்துவரைப் பார்த்தான். இரண்டு மருந்துகளும் எழுதினார். எங்கள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பக்கவிளைவுகளை விளக்கினார். மருந்துச் சீட்டோடு நான்கு மாதத்துக்கு வாங்கிக்கொண்டு போனான்.

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, அறையில் அதே விளக்குக்குக் கீழே, தலையை அதே கோணத்தில் சாய்த்து, அறைத்தோழனை விட்டு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். கண்ணாடியில் தினமும் பார்க்கிறவனுக்கு மாற்றம் தெரியாது. இரண்டாவது படத்தில் முன்னைவிட மோசம். நான் எதிர்பார்த்ததுதான், அவனைத் தேற்றுவது பெரும்பாடாக இருந்தது. ஏழாவது படம் நேற்று வந்தது. உச்சியில் தோல் தெரிந்த இடம் பெரும்பாலும் மூடியிருக்கிறது. மூலைகள் அப்படியே இருக்கின்றன. "மூலைக்கு மட்டும் என்றால் எத்தனை கிராஃப்ட் ஆகும் மாமா?" என்று கீழே எழுதியிருந்தான். அடுத்த விடுமுறையில் வந்து இறங்கும் முதல் வாரமே பிடரியை எண்ணிப் பார்த்துச் சொல்லும்படி மருத்துவரிடம் நாள் வாங்கி வைத்திருக்கிறேன். விடுமுறை இந்த முறை அறுபது நாள்.